இடது கை எவ்வளவு பேசலாம்?

போன வருடம் ஒரு சிறிய அரங்கில் ஒரு மணி நேரம் தனியாகப் பியானோ வாசிக்கக் கூப்பிட்டார்கள். முழுக்க பாசா நோவா என்ற பிரேசில் இசை. பாடகர் கிடையாது, கிட்டார் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். பாட்டுகளை முடிவு செய்ய ஒரு சாயங்காலம் போதும் என்று நினைத்தேன், ஏழு வாரம் ஆனது. பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. எந்தப் பாட்டுக்கு எந்த அரேஞ்ச்மெண்ட், அதாவது அதைப் பியானோவுக்கு எப்படி அமைப்பது என்பதில்தான் அத்தனை நாளும் போனது.

பாசா நோவாவின் உயிர் கிட்டாரில் இருக்கிறது. 1950களின் கடைசியில் ரியோ டி ஜெனிரோவில் பிறந்த இசை அது. 1958இல் பாடகரும் கிட்டார்க்காரருமான ஜுவாவ் ஜில்பெர்ட்டோ 'ஷேகா ஜி சவுதாஜி' என்ற பாட்டைப் பதிவு செய்தார். ஒரு தெருவே திரண்டு அடிக்கும் சம்பா தாளத்தை அவர் ஒற்றைக் கிட்டாருக்குள் கொண்டுவந்துவிட்டார். அவருடைய கட்டைவிரல் 'சுர்டு' என்ற பெரிய மேளத்தின் வேலையைச் செய்யும், பீட்டுக்கு ஒன்றாக, ஆடாமல் அசையாமல். மற்ற விரல்கள் 'தம்போரிம்' என்ற சின்னக் கைமேளம் போலக் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகளை, தாளத்துக்கு முன்னும் பின்னும் கிள்ளிப் போடும். அதற்கு மேலே அவர் குரல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் சொல்வது போல, நடுக்கமே இல்லாமல் வரும்.

இதைப் பியானோவுக்குக் கொண்டுவர அச்சில் நிறைய அரேஞ்ச்மெண்டுகள் இருக்கின்றன. நான் புரட்டிப் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இடது கைக்கு ஒரே வேலைதான்: கீழே மூலச் சுரம், அப்புறம் ஐந்தாம் சுரம், 'டூம்… டடூம்… டடூம்' என்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. நானும் பல வருடம் அப்படித்தான் வாசித்துவந்தேன். தாளம் நிற்கும், கேட்பவர் தலையாட்டுவார், குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

அரங்கத்துப் பியானோவைப் பார்க்க முதல் தடவை போனபோது, அதற்குச் சுருதி சேர்க்கும் ட்யூனர் பெரியவர் வேலையை முடித்துவிட்டுக் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் இரண்டு பாட்டு வாசித்தேன். பை ஜிப்பை மூடாமலே கேட்டுக்கொண்டு நின்றவர் சொன்னார்: "நல்லா இருக்கும்மா. ஆனா உங்க இடது கை ரொம்பப் பேசுது. வலது கை வாயைத் திறக்கிறப்ப அதுக்கு இடமே இல்ல."

அன்று ராத்திரி வீட்டில் அதே பாட்டை இடது கை மட்டும் வாசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கிட்டாரின் நைலான் தந்தி 'டும்' என்று சொல்லிவிட்டு உடனே அடங்கிவிடும். பியானோவின் கீழ்ச் சுரங்களுக்கு நீளமான, செம்பு சுற்றிய தந்தி. கையை எடுக்கத் தாமதித்தாலோ பெடலை மிதித்தாலோ அது அடங்காது. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நின்று, மேலே ஓடும் மெல்லிய ராகத்தை மூடிவிடும்.

அதற்கப்புறம் பெடலை ஏறக்குறைய மறந்தேன். ஐந்தாம் சுரத்துக்குத் தாவுவதைப் பெரும்பாலான இடங்களில் நீக்கிவிட்டு, ஜில்பெர்ட்டோவின் கட்டைவிரல் போல ஒரே சுரத்தைப் பீட்டுக்கு ஒன்றாகக் குட்டையாக வைத்தேன். கார்டுகளில் மூன்று சுரம் போதும் என்று ஆனது, சில இடங்களில் இரண்டு. பிரேசிலில் இந்தப் பாட்டுகளை இரண்டு பீட்டாக எண்ணும் 2/4இல் எழுதுவார்கள், அமெரிக்கப் புத்தகங்களில் நான்காக எண்ணும் 4/4. காகிதத்தில் சின்ன வித்தியாசம்தான். ஆனால் நான்காக எண்ணும்போது என் கை நான்கு தடவை கனத்தது, இரண்டாக எண்ணியதும் பாட்டு நடக்க ஆரம்பித்தது. எல்லாவற்றையும் பென்சிலில் 2/4க்கு மாற்றி எழுதினேன்.

இந்தப் பாட்டுகளில் பெரும்பகுதியை எழுதிய அந்தோனியோ கார்லோஸ் ஜோபிம் ஒரு பியானோக்காரர். 1963இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பத்தில் பல இடங்களில் ராகத்தை ஒற்றை ஒற்றைச் சுரமாகத்தான் வாசிக்கிறார். பத்து விரலும் இருந்தும் அவ்வளவுதான் வாசித்தார். அந்த இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

பட்டியலில் ரொம்ப நாள் இழுத்தவை இரண்டு பாட்டுகள். இரண்டிலும் ராகம் கிட்டத்தட்ட நகராது. ஒன்று 1972இல் ஜோபிம் எழுதிய 'ஆகுவாஸ் ஜி மார்சு', மார்ச் மாதத் தண்ணீர். அங்கே மார்ச் என்றால் கோடை முடியும் மழை. குச்சி, கல், பாதையின் முடிவு என்று கண்ணில் பட்டதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போகும் பாட்டு. எனக்கு உயிர். 1974இல் பாடகி எலிஸ் ரெஜினாவும் ஜோபிமும் சேர்ந்து பாடியதைக் கேட்டு எத்தனையோ காலை விடிந்திருக்கிறது. ஆனால் வார்த்தையை எடுத்துவிட்டுப் பியானோவில் வைத்தால், குச்சியும் கல்லும் போய் இரண்டு மூன்று சுரங்கள் மட்டும் மிஞ்சின. நான்கு அரேஞ்ச்மெண்ட் பார்த்தேன், நானே ஒன்று எழுதினேன். மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

மற்றது 'சம்பா ஜி உமா நோட்டா சோ', ஒற்றைச் சுரச் சம்பா. நியூட்டன் மெண்டோன்சாவோடு சேர்ந்து ஜோபிம் எழுதியது. பி ஃபிளாட் சுருதியில் வாசித்தால் ராகம் எஃப் சுரத்திலேயே உட்கார்ந்திருக்கும். அடியில் கார்டுகள் டி, டி ஃபிளாட், சி, பி என்று அரை அரைச் சுரமாக இறங்கும். முதல் இரண்டு கார்டிலும் அந்த எஃப் மூன்றாம் சுரம், வீட்டுக்குள் இருப்பது போல இருக்கும். சி மைனர் வந்ததும் அதுவே நான்காம் சுரமாகி வாசலுக்கு வந்துவிடும். பி வரும்போது கார்டோடு உரசிக்கொண்டு தெருவில் நிற்கும். விரல் இருந்த இடத்திலேயே இருக்க, அந்தச் சுரத்தின் முகம் நான்கு தடவை மாறும். வார்த்தையே வேண்டாம், கதை முழுக்க கார்டுகளில் இருக்கிறது. நான் தேர்ந்தெடுத்த அரேஞ்ச்மெண்டில் இடது கைக்கு இறங்கும் அந்த நான்கு படியைத் தவிர வேறு அலங்காரம் எதுவும் இல்லை.

'இன்சென்சாத்தெஸ்' பாட்டுக்கு வழி சீக்கிரம் கிடைத்தது. ஷோபான் பியானோவுக்கு எழுதிய ஈ மைனர் பிரெலூடு என்ற சின்ன இசைக்கும் அதற்கும் உள்ள உறவு பலருக்கும் தெரிந்ததுதான்: இரண்டிலும் ராகம் தயங்கி நிற்க, கார்டுகள் அடியில் மெல்ல மெல்லச் சரியும். பாட்டையும் ஈ மைனருக்கு மாற்றிக்கொண்டு, பிரெலூடை முதலில் வாசித்து, நடுவில் கைதட்டலுக்கு இடம் விடாமல் அதற்குள் போவது என்று வைத்தேன். 'இப்பனேமாப் பெண்' பாட்டை விட முடியாது, அதைக் கேட்கத்தான் பாதிப் பேர் வருவார்கள். அதற்கு எழுதியதில் ரொம்பச் சின்ன அரேஞ்ச்மெண்டை எடுத்தேன்.

கச்சேரி அன்று மத்தியானம் ட்யூனர் மறுபடி வந்தார். ஒத்திகையில் கடைசி வரை உட்கார்ந்து கேட்டார். இடது கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இதுல ரொம்ப அடி வாங்கப்போற கட்டை எது?" என்று மட்டும் கேட்டார். நடு சி-க்கு மேலே இருக்கிற எஃப்பைக் காட்டினேன். ஒரே பாட்டில் அது நூறு தடவைக்கு மேல் ஒலிக்கும் என்றேன்.

தானும் ஒரு தரம் தட்டிப் பார்த்தார். சுருதி சரிதான், ஆனால் பக்கத்துச் சுரங்களைவிட அதன் ஒலி ஒரு பொட்டு கூர்மையாக இருந்தது. எனக்கு அதுவரை காதில் விழவே இல்லை. பியானோவின் உள்பாகத்தை முன்னால் இழுத்து, அந்த ஒரு சுத்தியலை மட்டும் விரலால் தாங்கிப் பிடித்து, கம்பளித் தலை கொஞ்சம் இளக ஊசியால் மூன்று இடத்தில் குத்தினார். திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, "இப்ப வாசிங்கம்மா" என்றார்.