கருசெல்லில் மோதாமல் ஒரு சுற்று

ராத்திரி பதினொன்றரைக்கு அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய வீடியோ கேமில் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே தடத்தை முழுச் சுற்று முடித்தேன். எங்கேயும் மோதவில்லை. கை இன்னும் நடுங்குது.

ஜெர்மனியில் ஐஃபெல் மலைக்காட்டுக்குள் 1927-ல் திறந்த தடம். ஒரு சுற்றே 20.8 கிலோமீட்டர். நிஜத் தடத்தை லேசரில் அளந்து விளையாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். ரோட்டின் மேடு பள்ளமெல்லாம் ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும்.

அதிலும் அந்தக் கருசெல் வளைவு! உள்பக்கம் சரிவான கான்கிரீட். இடது சக்கரங்களை அதில் இறக்கியதும் ஸ்டீயரிங் கடகடவென்று உதறும். பயந்து இறுக்கிப் பிடிக்கக் கூடாது. கொஞ்சம் தளர்த்திப் பிடித்து, அந்தச் சரிவே வண்டியைத் திருப்ப விடணும். இது கைவர எனக்கு மூணு வாரம் ஆச்சு.

பெர்க்வெர்க் என்ற வளைவு நெருங்கும்போது மட்டும் கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டு எழும். 1976-ல் ஃபார்முலா ஒன் பந்தய வீரர் நிக்கி லௌடாவின் ஃபெராரி தீப்பிடித்தது அதற்குச் சற்று முன்னால்தான். ஆறே வாரத்தில் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் மறுபடி ஓட்டி நாலாவதாக வந்தார். என்ன மனுஷன்!

நாளைக்கு ஏபிஎஸ்-ஐ (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) அணைத்துவிட்டு ஓட்டப் போறேன். யாராவது கூட வர்றீங்களா?