மந்தாரை இலை

காலையில் நடந்து வரும்போது மந்தாரை மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டேன். பாதை முழுக்க ஊதாப் பூ. கையில் எடுத்துக் கேசரங்களை, அதாவது மகரந்தத் தாள்களை, எண்ணினேன்: மகரந்தம் தரும் வளமானவை மூன்று. அப்படியென்றால் இது பாகினியா பர்பியூரியா. ஐந்து இருந்தால் வேரியகேட்டா. இரண்டையும் ஒரே பெயரில் மந்தாரை என்கிறோம், நர்சரிக்காரர்கள் உட்பட.

இலையைப் பாருங்கள். நுனியில் பிளந்து, இரண்டு இலை ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும். நடு நரம்போடு மடித்தால் இரு பாதியும் அச்சாகப் பொருந்தும். இரவில் மரமே அப்படி மடித்துக்கொள்ளும். ஜான், காஸ்பார் போயான் என்ற 16ஆம் நூற்றாண்டுத் தாவரவியல் சகோதரர்களின் நினைவாக வைத்த பேரினப் பெயர்தான் பாகினியா. இந்த இரட்டை இலை அந்த இருவருக்கே பொருந்துகிறது என்றார் லின்னேயஸ். எனக்குத் தெரிந்து இவ்வளவு அழகான தாவரப் பெயர் வேறில்லை.

குடும்பம் அவரைக் குடும்பம்தான், காயைப் பார்த்தாலே தெரியும். முன்பு கொன்றையோடு ஒரே துணைக்குடும்பத்தில் வைத்திருந்தார்கள். 2017இல் வந்த புதிய வகைப்பாட்டில் செர்சிடாய்டியே என்ற தனித் துணைக்குடும்பத்துக்கு வந்துவிட்டது. கொடியாகப் படரும் இனங்கள் பலவற்றை ஃபனேரா என்ற வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஹாங்காங் அரசுக் கொடியில் இருக்கும் பூவும் இந்தச் சொந்தம்தான். அது விதை வைக்காத கலப்பினம், பதியன் போட்டும் ஒட்டுக்கட்டியுமே பெருக்குகிறார்கள்.

சோழர் சூடிய ஆத்தியும் பாகினியாதான், ரெசிமோசா. சின்னச் சின்ன வெளிர்மஞ்சள் பூ. உங்கள் ஊரில் ஆத்தி மரம் நிற்கிறதா? படம் போடுங்கள், இலையும் தெரியும்படி.