முதல் இதழ் எத்தனை பிரதி?

"500 போதும் தம்பி, மிச்சப் பணத்த ரெண்டாவது இதழுக்கு வச்சுக்க" என்று, தானே வரைந்த காமிக்ஸை அச்சடிக்க எங்கள் அச்சகத்துக்கு வந்த பையனிடம் நான் சொன்னேன். "மூணாவது புக்கு வாங்குறவன் மொதலு எங்கன்னு கேட்டா என்னான்னுணா சொல்றது?" என்று அவன் கேட்டான். இரண்டு நிமிடப் பேச்சு. இதழ் வெளியாகி, அதற்குப் பின் வந்த இதழ்களும் வெளியாகிவிட்டன. அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் இன்னும் நேரான பதில் இல்லை.

கல்யாணப் பத்திரிகை, பில் புக், மாங்கூழ் டின் லேபிள் என்று ஓடுகிற கிருஷ்ணகிரி அச்சகத்தில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. முகூர்த்தம் முடிந்தால் பத்திரிகையின் ஆயுசு முடிந்தது. சீசன் முடிந்தால் லேபிளும் அப்படித்தான். தொடராக வரும் சாகசக் காமிக்ஸில்தான் பழைய சரக்குக்குப் புதிது புதிதாக ஆள் வருவார்கள். ஐந்தாம் இதழைப் பிடித்துப்போய் வாங்குகிறவர் அடுத்ததாகத் தேடுவது ஆறாவதை அல்ல, முதலாவதை.

என் கணக்கு இதுதான். 32 பக்கம், கறுப்பு வெள்ளை, கிரவுன் கால் அளவு (ஏழரைக்குப் பத்து அங்குலம்). 15×20 அங்குலத் தாள் ஓடும் மினி ஆப்செட் மெஷினில் தாளின் ஒரு புறத்துக்கு 4 பக்கம் உட்காரும், முன்னும் பின்னுமாக ஒரு தாளில் 8 பக்கம். ஆகவே ஒரு பிரதிக்கு 4 தாள், 8 பிளேட் (அச்சுத் தகடு). தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து நடுவில் சென்டர் பின் அடிக்கிற புத்தகம் என்பதால் பக்கங்கள் வரிசையாக வராது. வெளித்தாளில் 1 முதல் 4 வரையும் 29 முதல் 32 வரையும் வரும், நடுத்தாளில் 13 முதல் 20 வரை. 500 பிரதிக்கு, இரண்டாக வெட்டிக்கொள்ளும் 20×30 டபுள் கிரவுன் 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாள் 2 ரீம் (ரீமுக்கு 500 தாள்), 1,000 பிரதிக்கு 4 ரீம். ரீமுக்கு பதின்மூன்றரைக் கிலோ. இதோடு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மை சமன்படும்வரை வீணாகும் தாள். பிளேட் செலவும் மெஷின் செட் பண்ணும் நேரமும் இரண்டுக்கும் ஒன்றுதான். கூடுவது பேப்பரும், ஓட்டமும், மடிப்பும், பின்னும்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் 1,000 அடிப்பதுதான் லாபம் என்று எவரும் சொல்வார். அவனும் அதைத்தான் சொன்னான். அட்டை வேறு இருக்கிறது. பல வண்ண அட்டையைச் சிவகாசியில் பல வேலைகளோடு சேர்த்து ஒரே தாளில் அடித்து வாங்குவோம். அதில் 1,000-க்குக் கீழே எடுக்கமாட்டார்கள். ஆக அட்டை எப்படியும் 1,000 வரப்போகிறது. அதில் பாதி உள்பக்கம் இல்லாமல் அலமாரியில் கிடக்கும். அது தெரிந்துதான் 500 என்றேன்.

ஏன் என்றால், அவன் கொண்டுவந்த பக்கங்களில் கறுப்பு அதிகம். கதை மல்லச்சந்திரத்தில் பெருங்கற்காலக் கல்லறைகளான கற்திட்டைகளில் தொடங்கி ராயக்கோட்டை மலையில் ஓர் இரவில் முடிகிறது. 16, 17 இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே இரவுக் காட்சி: வானம் முழுக் கறுப்பு, கோட்டை மதில் மட்டும் வெள்ளைக் கோடு. மினி ஆப்செட்டில் மை உருளைகள் குறைவு. இவ்வளவு பெரிய கறுப்பை ஒரே சீராகப் போடுவது அதற்குச் சிரமம், தாளின் தலைப்பக்கம் கெட்டியாகவும் வால்பக்கம் வெளுத்தும் வரும். மையைக் கூட்டினால் மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டும். பவுடர் தூவ வேண்டும், அடுக்கைச் சிறிது சிறிதாக எடுத்துவைக்க வேண்டும். அவசரப்பட்டு மறுபுறம் அடித்தால் போச்சு. 60 ஜி.எஸ்.எம். போட்டிருந்தால் பின்பக்கத்து முகங்களில் இந்த இரவு நிழலாகத் தெரிந்திருக்கும். அதனால்தான் 70.

இன்னொன்று, முதல் இதழில்தான் எல்லாப் பிழையும் வெளியே வரும். கோட்டோவியத்தை 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) கிரே ஸ்கேனில் கொண்டுவருவார்கள். திரையில் அழகாக இருக்கும். பிளேட்டில் ஒவ்வொரு கோட்டின் ஓரமும் புள்ளி புள்ளியாக உடையும். கோடு என்றால் 1,200 டி.பி.ஐ., கறுப்பு வெள்ளை மட்டும், இடையில் சாம்பல் கிடையாது. எழுத்தைப் படத்தோடு ஒட்டி ஒரே கோப்பாக்கிவிட்டால் ணகர, ஞகரச் சுழிகள் மையில் அடைத்துக்கொள்ளும். எழுத்து தனி அடுக்கில் வெக்டராக (புள்ளிகளாக இல்லாமல் கோட்டு வடிவமாக) இருக்க வேண்டும், 8.5 புள்ளிக்குக் கீழே போகக் கூடாது. பேச்சுக் குமிழை முதலில் வரைந்துவிட்டு வசனத்தை உள்ளே திணிப்பது தமிழில் நடக்காது. "திரும்பிப்பார்க்காதீர்கள்" என்ற ஒரு சொல்லே ஒரு வரியைத் தின்றுவிடும். வசனத்தை அடித்து வைத்துவிட்டுக் குமிழைச் சுற்றிப் போட வேண்டும். அந்தத் தம்பி இவற்றில் பாதியை எங்களிடம் உட்கார்ந்து சரிசெய்தான், முகம் சுளிக்காமல். மீதி அச்சாகித்தான் தெரியும் என்று நினைத்தேன். தெரியும்போது 1,000 பிரதியில் தெரிவதைவிட 500-இல் தெரிவது மேல்.

இதில் எதையும் இன்றைக்கும் மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் இவையெல்லாம் அச்சகத்துக்காரனின் காரணங்கள். அவன் கேட்டது வாசகனைப் பற்றி.

வெளிநாட்டில் சொந்தமாகப் போட்டு நெடுநாள் ஓடிய காமிக்ஸ் தொடர்களைப் பார்த்தால் எங்கள் இருவருக்குமே ஆதாரம் கிடைக்கிறது. கனடாவின் 'செரபஸ்' 1977 டிசம்பரில் 2,000 பிரதியோடு தொடங்கி, 2004-இல் 300-ஆவது இதழோடு முடிந்தது. முதல் இதழ் கிடைக்காமல் போய், அதற்குக் கள்ளப் பிரதியே அடித்தார்கள். 'எல்ஃப்க்வெஸ்ட்' 1978-இல் வேறொருவர் பத்திரிகையில் முதலில் வந்தது. அச்சின் தரம் பிடிக்காமல் அதை உருவாக்கிய தம்பதியர் சொந்தமாக நிறுவனம் தொடங்கி, இரண்டாம் இதழிலிருந்து தாங்களே வெளியிட்டார்கள். பிறகு முதல் கதையையும் தங்கள் பெயரில் மறுபடி அடித்தார்கள். அதைப் படிக்கும்போது, தரம்தான் முதலில், எண்ணிக்கை பிறகு என்று என் பக்கம் எனக்கே தெம்பு வரும்.

ஆனால் 'போன்' (Bone) தொடர் இருக்கிறதே. 1991 ஜூலையில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலிருந்து ஜெஃப் ஸ்மித் சொந்தமாக வெளியிட்ட முதல் இதழ். 55 இதழ்கள், 2004 வரை. அவர் மனைவி விஜயா ஐயர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து வியாபாரத்தைக் கையில் எடுத்தார். முதல் இதழ் தீரத் தீர மறுஅச்சு போட்டார்கள். புதிதாக வந்த எவரும் கதையின் தொடக்கத்தைத் தவறவிட வேண்டியிருக்கவில்லை. அந்தத் தம்பி கேட்டது இதைத்தான். அவனுக்கு அந்தக் கதை தெரியுமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"பிளேட்ட வச்சிருப்பீங்கல்ல?" என்றும் கேட்டான். வைக்கலாம்தான். கம் (பிசின்) தடவி, நடுவில் தாள் வைத்து, ஈரம் படாமல் வைத்தால் சில மாதம் தாங்கும். கம் சரியாகப் படாத இடத்தில் அலுமினியம் பூத்து, அடுத்த ஓட்டத்தில் வெள்ளை இடமெல்லாம் கறுப்புப் புள்ளி விழும். சேலத்தில் சி.டி.பி. (கணினிக் கோப்பிலிருந்து நேராகத் தகட்டுக்கு) போட்டு வாங்கிய பிளேட்டைப் பாதுகாக்கும் பாட்டுக்குக் கோப்பிலிருந்து புதிதாகப் போடுவதே சுலபம். இதைச் சொன்னேன். அவன் தலையாட்டினான். 500 என்று எழுதிக் கொடுத்தான்.

தருமபுரி புத்தகத் திருவிழாவிலேயே பெரும்பகுதி போய்விட்டது. மூன்றாவது இதழ் வந்தபோது முதலாவது இல்லை, அவன் சொன்னபடியே. 100 பிரதி டிஜிட்டலில் எடுத்தோம், அட்டைதான் ஏற்கெனவே இருக்கிறதே. டிஜிட்டலில் கறுப்பு பளபளவென்று நன்றாக வந்தது, ஆப்செட்டைவிடச் சீராகவே. ஆனால் 16, 17-இல் மடிப்பு விழுந்த இடத்தில் டோனர் (டிஜிட்டல் அச்சின் மைத்தூள்) வெடித்து, இரவு வானத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை வெள்ளைக் கீறல். மையானால் தாளுக்குள் இறங்கும். டோனர் மேலே படிந்து நிற்பது, மடித்தால் உடையும். அட்டை முதல் அச்சினது, உள்ளே வேறு. பின்னால் எவரும் ஏமாறக் கூடாது என்று உள்பக்கத்தில் 'இரண்டாம் அச்சு' என்று போடச் சொன்னேன். அவன் உடனே போட்டான். 1,000 அடித்திருந்தால் அந்த வரியே தேவைப்பட்டிருக்காது. ஆனால் விற்காமல் போயிருந்தால் இரண்டாவது இதழே வந்திருக்காது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் ஒன்று மற்றொன்றை வெல்லவில்லை.

இப்போது முதல் நான்கு இதழையும் ஒரே தொகுப்பாகப் போடலாம் என்று வந்திருக்கிறான். 'செரபஸ்' பழைய இதழ்களைத் தடித்த தொகுதிகளாக எப்போதும் கிடைக்கும்படி வைத்திருந்ததும் இந்த வழியில்தான். 128 பக்கத்துக்குச் சென்டர் பின் சரிப்படாது. உள்தாள்கள் வெளியே தள்ளிக்கொண்டு நின்று, வெட்டும்போது ஓரத்துப் படம் போய்விடும். முதுகில் பசை போட்டு ஒட்ட வேண்டும். அதற்கு உள்விளிம்பு 15 மில்லிமீட்டராவது வேண்டும். முதல் இதழை நான் 8 மில்லிமீட்டரில் கட்டியிருக்கிறேன், 32 பக்கத்துக்கு அது தாராளம். இப்போது எல்லாப் பக்கத்தையும் 4 சதவீதம் சுருக்கினால் 8.5 புள்ளி எழுத்து 8.2-க்கு இறங்கும். படத்தை மட்டும் சுருக்கி எழுத்தை அப்படியே விட்டால் குமிழின் ஓரத்தில் வசனம் இடிக்கும். ராயக்கோட்டை இரவு எப்படியும் பசைக்குள் கொஞ்சம் போகும். அந்த இரண்டு பக்கத்தை மட்டும் அவன் நடுவில் இடைவெளி விட்டுத் திரும்ப வரைகிறேன் என்கிறான். பழைய முதல் இதழ் வைத்திருப்பவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று நான் கேட்டிருக்கிறேன். எத்தனை பிரதி என்று இருவருமே இன்னும் பேச்செடுக்கவில்லை.