வாயு மூலையில் ஒரு டிஷ்

ஜூலை 19, 2025, சனி (ஆடி 3)

ராத்திரி எட்டே முக்காலுக்குப் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. அப்பத்தா பட்டிமன்றம் பார்த்துக்கொண்டிருந்தார். டிடி தமிழ் என்று 2024 ஜனவரியில் பெயர் மாறியும் அவருக்கு அது இன்னும் பொதிகைதான். "அப்பு, தட்டு திரும்பிருச்சு போல. போய் என்னன்னு பாரு."

டார்ச்சோடு மாடி ஏறினேன். மேற்கிலிருந்து காற்று வேட்டியைப் பறிக்கிறது. டிஷ்ஷை ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்தால் கீழேயிருந்து "வந்துருச்சு!" கையை எடுத்தால் "போச்சு!" வேறு வழியில்லாமல் பிடித்தபடியே நின்றேன், பட்டிமன்றம் முடியும்வரை. தீர்ப்பு என்னவென்று எனக்குத் தெரியாது.

ஜூலை 20, ஞாயிறு

பகலில் பார்த்தேன். மழையால் சிக்னல் போனால் மெல்ல இறங்கும், மழை விட்டதும் தானாக ஏறிவிடும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் செட்டாப் பாக்ஸில் குவாலிட்டி 70, 20, 65 என்று குதிக்கிறது. ஆக, ஏதோ ஆடுகிறது. எது என்பதுதான் கேள்வி.

பைப்பும் கிளாம்ப்பும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தேன். டிஷ் பைப்பைச் சுற்றித் திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்என்பிக்குப் போகும் கேபிள் காற்றில் அடித்துக்கொண்டிருந்ததால் அதையும் பைப்போடு இறுக்கிக் கட்டினேன்.

ஜூலை 22, செவ்வாய்

கோடு உடையவில்லை. ஆனால் பைப்பைப் பிடித்து அசைத்தால் அடித்தட்டோடு சேர்ந்து ஆடுகிறது. ஸ்பானர் போட்டேன், நட்டு இறுகவே இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் போல்ட்டை இரண்டு விரலால் உருவி எடுத்துவிட்டேன். கூடவே விபூதி மாதிரி வெள்ளைப் பொடி கொட்டியது. துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது.

மாட்டிக் கொடுத்தவர் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். ஆங்கர் போல்ட் கான்கிரீட்டுக்கு உண்டானது. உள்ளே விரிந்து சுவரைக் கவ்வித்தான் நிற்கும். எங்கள் கைப்பிடிச் சுவரோ நூறு வருஷத்துச் செங்கல், சுண்ணாம்புக் காரை. விரிய விரிய அதுவும் உதிர்ந்து வழிவிடும். ஆடியில் பத்து நாள் ஆட்டினால் துளை பெரிதாகாமல் என்ன செய்யும்?

எத்தனை நகர்ந்தால் படம் போகும் என்று கணக்குப் போட்டேன். 60 செ.மீ. டிஷ் வானத்தில் பார்க்கிற அகலம் சுமார் 3 டிகிரி. நடுவிலிருந்து ஒன்றரை டிகிரி விலகினாலே சிக்னல் பாதி. விளிம்பு ஒரு செ.மீ. நகர்ந்தால் கிட்டத்தட்ட 2 டிகிரி. அந்த முட்டைத் துளை அதைவிடத் தாராளமாகவே இடம் கொடுத்திருக்கிறது.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

காக்காய்க்குச் சோறு வைக்க மாடிக்குப் போனால் டிஷ்ஷின் மேல் விளிம்பில் ஆண் மயில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. குன்றக்குடிப் பக்கத்து ஊர்களில் மயில் ஒன்றும் அதிசயமில்லை, ஆனால் ஆண் மயில் நாலிலிருந்து ஆறு கிலோ இருக்கும்.

மணிக்கு 50 கி.மீ. காற்று இந்த டிஷ்ஷைத் தள்ளுவதும் ஏறக்குறைய 4 கிலோ கனத்துக்குச் சமம். அதாவது ஒரு மயில். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நாலு மடங்கு, 100 கி.மீ. வேகத்தில் 16 கிலோ, நாலு மயில். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் தென்னைகளைச் சாய்த்த சாய்ப்பை நினைத்தால், மயில் கணக்கெல்லாம் பத்தாது.

எங்கள் டிஷ்ஷுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. அது தென்கிழக்கைப் பார்த்து அண்ணாந்து நிற்கிறது. ஆடிக்காற்று வருவது மேற்கிலிருந்து. முதுகுப்பக்கம் அடியில் புகுந்து தூக்குகிறது.

ஜூலை 26, சனி

வேறு சுவருக்கு மாற்றலாமா, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பச்சி சென்னையிலிருந்து போனில் பழைய கதையை எடுத்தார். இலங்கையின் ரூபவாஹினி பிடிக்க மீன்முள் ஆன்டெனாவை நீளப் பைப்பில் தூக்கிக் கட்டியது, அப்புறம் கொடைக்கானலில் டிவி டவர் வந்ததும் அதை மேற்கே திருப்பியது. "ஒசர ஒசரத்தான் படம் தெளியும்" என்றார்.

போனை வைத்தபிறகுதான் உறைத்தது. அது தரையிலிருந்து வந்த அலை, உயரம் வேண்டும். இப்போது வருவது மேலேயிருந்து. எங்களுடையது தூர்தர்ஷனின் இலவச ஃப்ரீ டிஷ். அதற்கான செயற்கைக்கோள் ஜிசாட்-15, நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5-இல் நிற்கிறது. அந்தத் தொலைவுக்கு என் மாடியின் முப்பது அடி ஒரு பொருட்டா? அது கண்ணுக்குப் பட்டால் போதும், டிஷ் கிணற்றடியில் இருந்தாலும் ஒன்றுதான். ஆன்டெனா என்றால் உச்சி என்ற பழக்கத்தில் எல்லாரும் மொட்டை மாடியில் ஏற்றிக் காற்றுக்குக் கொடுக்கிறோம்.

காரைக்குடிப் பக்கத்துக்குத் திசை வடக்கிலிருந்து 124 டிகிரி, உயரம் 69 டிகிரி. கிட்டத்தட்ட தலைக்கு மேலே. டெல்லியில் இதே செயற்கைக்கோள் 52 டிகிரியில்தான் நிற்கும். நாம் தெற்கே இருப்பதன் ஆதாயம். டிஷ்ஷைப் பார்த்தால் இவ்வளவு அண்ணாந்த மாதிரி தெரியாது. எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும் இந்த ஆஃப்செட் டிஷ்ஷின் முகம் குனிந்தே இருக்கும், பார்வை மட்டும் மேலே.

அப்படியென்றால் முற்றத்திலேயே வைக்கலாமே!

ஜூலை 27, ஞாயிறு

வளவு, அதாவது முதல் கட்டு முற்றம், என்றதுமே அப்பத்தா முகம் மாறிவிட்டது. "படைப்பு வைக்கிற எடத்துல தட்டையா? பங்காளிக வந்தா என்ன சொல்லுவாக?" முன்னோருக்குப் படையல் போடும் இடம், நியாயம்தான். பொதுவீட்டில் ஒரு ஆணி அடிப்பதற்கே நாலு பேரிடம் கேட்கவேண்டும்.

இரண்டாம் கட்டு முற்றத்துக்கு இறங்கி வந்தேன். டேப் எடுத்து அளந்தேன். தென்கிழக்கே மறைப்பது முன்கட்டின் மச்சு. உச்சி 28 அடி. டிஷ் 3 அடியில் நின்றால் மிச்சம் 25. 69 டிகிரிக்கு ஒரு அடி தள்ளினால் 2.6 அடி உயரம் தாண்டும். 25-ஐ 2.6-ஆல் வகுத்தால் பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு. முற்றத்தின் வடமேற்கு மூலையிலிருந்து மச்சு 22 அடி. தாராளம்.

"எந்த மூலை?" என்றார் அப்பத்தா.

"வாயு மூலை. அங்கேருந்து அக்னி மூலையப் பாக்கும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "காத்துக்குப் பயந்து வாயு மூலைக்கே போறியா" என்று சிரித்துவிட்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

வெல்டிங் பட்டறையில் எல்-ஆங்கிளில் இரண்டடிச் சதுரச் சட்டம், நடுவில் மூன்றடிப் பைப், நாலு பக்கமும் சாய்வுக் கம்பி. சுவரில் துளை கிடையாது, தரையிலும் கிடையாது. கனம்தான் பிடிமானம். 16 கிலோ தள்ளு, மூன்றடி உயரம், பெருக்கினால் 48. சட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரு அடி. ஆக நாலு மயில் காற்றுக்குக் குறைந்தது 48 கிலோ வேண்டும். முற்றத்தில் அவ்வளவு காற்று வரப்போவதில்லை, இருந்தாலும்.

பின்கட்டில் விரிசல் விட்டுக் கிடந்த ஆட்டுக்கல்லை நானும் கொத்தனாரும் உருட்டிக்கொண்டு வந்து சட்டத்தின் ஒரு பக்கம் ஏற்றினோம், மறுபக்கம் இரண்டு மணல் மூட்டை. "ஆச்சி, அந்த அம்மியையும் தந்தா நல்லா இருக்கும்" என்றார் அவர். "ஆடிக்காத்துல அது பறந்துரும், விடு" என்று அப்பத்தா அதைத் தரவில்லை. சட்டத்துக்கு அடியில் பழைய டியூப்பை வெட்டிப் போட்டோம், தரைக் கல் கீறாமலிருக்க.

கொத்தனாரின் தூக்குக்குண்டால் பைப் நேராக நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தது ரொம்ப உதவியது. பைப் சாய்ந்திருந்தால் திசையைத் திருப்பும்போதெல்லாம் உயரக் கோணமும் கூடவே மாறும். சிக்னலைத் தேடிச் சாகவேண்டும். ஒவ்வொரு நட்டுக்கும் அடியில் ஸ்பிரிங் வாஷர். ஓட்டு இறப்பிலிருந்து தண்ணீர் விழும் கோட்டைத் தாண்டி முற்றத்துப் பக்கம் தள்ளி வைத்தோம், இல்லாவிட்டால் ஐப்பசியில் எல்என்பி குளிக்கும். சிக்னல் பிடிக்க இருபது நிமிடம். குவாலிட்டி 78.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பெருக்கு

காலையிலிருந்து பேய்க்காற்று. மச்சில் எங்கோ ஒரு ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. முற்றத்தில் வேப்பிலைச் சருகு சுழன்றது, அவ்வளவுதான். 78, 77, 78. சித்ரான்னம் நாலு வகை. அதில் எனக்குப் புளியோதரைதான்.

ஆகஸ்ட் 9, சனி

மத்தியானம் படம் மறுபடி கட்டம் கட்டம். மரத்தில் இலைகூட அசையவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் டிஷ் பைப்பிலிருந்து எதிர்த் தூணுக்கு நைலான் கயிறு. அதில் ஈரத் துண்டு நாலு, என் வேட்டி ஒன்று.

"ஆடாம நல்லா நிக்குதேன்னு கட்டுனேன்" என்றார் அப்பத்தா.

கயிற்றை வேறு தூணுக்கு மாற்றினேன். கிளாம்ப்பை அரை விரல்கடை திருப்பி இறுக்கி, மார்க்கர் கோட்டைப் புதிதாகப் போட்டேன். 76.