ஒரு வெள்ளிச் சிகிச்சையும் மாதக்கணக்கில் காத்திருப்பும்

அரசாங்கப் பல் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ஒரு ரிங்கிட்) கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது தெரிந்திருந்தும், மலேசியாவின் பினாங்கில் எங்கள் வட்டாரத்தில் பெரியவர்கள் பலர் வலி பொறுக்க முடியாமல் போகும் வரை அந்தப் பக்கம் போவதில்லை.

பிள்ளைகளின் கதை வேறு. நியூசிலாந்து முறையைப் பின்பற்றிப் பள்ளி மாணவர்களுக்கான பல் தாதியர் பயிற்சி 1949இல் இந்தத் தீவில்தான் தொடங்கியது என்பது பினாங்குக்காரர்களுக்கே அதிகம் தெரியாத பெருமை. அந்த மரபின் தொடர்ச்சியாகப் பல் குழுவினர் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்து, மடக்கு நாற்காலியை விரித்து, கைவிளக்கோடு ஒவ்வொரு வாயாகப் பார்த்து, சொத்தையை அங்கேயே அடைத்துவிடுகிறார்கள். பல் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடைக் குடிநீரில் கலக்க 1972இல் அமைச்சரவை எடுத்த முடிவும் இதற்குத் துணை நின்றது.

பள்ளியை விட்டு வெளியேறியவுடன் இந்தக் கவனிப்பு அறுந்துபோகிறது. தொழிற்சாலையில் நாள்கூலிக்கு வேலை செய்யும் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, பல்செட்டுக்காகப் பல மாதம் காத்திருந்ததோடு, அளவெடுக்க, பொருத்திப் பார்க்க, திருத்த என்று ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளத்தை இழந்தார். ஒரு வெள்ளிச் சிகிச்சையின் உண்மையான விலை அதுதான். நடமாடும் கிளினிக்குகள் நல்ல முயற்சியே, ஆனால் புதிய கட்டடங்களுக்குச் செலவிடுவதற்கு முன்னால், இருக்கும் கிளினிக்குகளை மாலையிலும் சனிக்கிழமையிலும் திறந்து வைத்து, அதற்கேற்பப் பல் மருத்துவர்களுக்கு நிரந்தரப் பணியிடங்களை ஒதுக்குவதே என் பார்வையில் முதலில் செய்யவேண்டியது.