ஒரே ஸ்ட்ரக்ட், இரண்டு பக்கம்

ஜூன் 9
விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் மென்பொருளுக்கு என் பேட்சை, அதாவது நிரல் திருத்தத்தை, அனுப்பிவிட்டேன். இரண்டு லைப்ரரிகள் பகிரும் ஸ்ட்ரக்டில் (மதிப்புகளை வரிசையாக அடுக்கிவைக்கும் நினைவக அமைப்பில்) ஒரு புது ஃபீல்ட், ஒரே ஒரு எண், சேர்க்கிறது அது. இனி காத்திருக்க வேண்டியதுதான்.

ஜூன் 10
பேட்சைப் பரிசீலிப்பவரின் பதில் வந்துவிட்டது, ஒரே ஒரு கேள்வியாக. இந்த ஃபீல்டை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

அவசியம் இருக்கிறது. அந்தப் பழைய 32 பிட் அச்சுக்கோப்பு நிரல் ஒவ்வொரு எழுத்துக்கும் அகலம் கேட்கிறது. கேட்கும் ஒவ்வொரு முறையும் ஜிடிஐ32-இலிருந்து (நிரல் நேராக அழைக்கும் வரைகலை லைப்ரரி) வின்32யூ-வுக்கு (உள்ளே வேலையைச் செய்யும் லைப்ரரி) போய்த் திரும்ப வேண்டும். வைனின் புதிய வாவ்64 முறையில், அதாவது 32 பிட் நிரலை 64 பிட் அமைப்பில் ஓட்டும் ஏற்பாட்டில், அது சும்மா ஒரு ஃபங்ஷன் கால் இல்லை: 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறி, அளபுருக்களை (அனுப்பும் மதிப்புகளை) மாற்றி எழுதி, சிஸ்கால் என்ற உள்வாசல் வழியாக யூனிக்ஸ் பக்கத்துக்கு, அதாவது லினக்ஸ் பக்கத்துக்கு, போய், அதே வழியில் திரும்ப வேண்டும். எழுத்துரு மாறியதா என்று சொல்ல ஒரு எண் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தால் போதும், பாதிப் பயணம் மிச்சம். எழுத்தின் பின்னணி முறையை மாற்றும் செட்பிகேமோட் ஃபங்ஷன் இப்போதே அப்படித்தான் நடக்கிறது, டிசி ஆட்ரிபியூட் ஸ்ட்ரக்டில் (டிசி என்பது வரையும் பரப்பு, அதன் அமைப்புகள் இருக்கும் இடம் இது) நேராக எழுதிவிட்டு வந்துவிடுகிறது, எல்லையைத் தாண்டுவதே இல்லை. அதற்கு இருக்கும் உரிமை என் எண்ணுக்கு ஏன் இருக்கக்கூடாது?

ஜூன் 11
அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.

ஜூன் 12
ராத்திரி முழுக்க அந்த ஸ்ட்ரக்டை வரையறுக்கும் ஹெடர் ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஹெடர்தான், ஆனால் இரண்டு தடவை கம்பைல் ஆகிறது, ஒரு தடவை விண்டோஸ் பக்கத்து டிஎல்எல்லுக்கு, இன்னொரு தடவை லினக்ஸ் பக்கத்து லைப்ரரிக்கு. லாங் என்ற எண் வகை 64 பிட் விண்டோஸில் 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8 பைட். பாயின்டர், அதாவது நினைவக முகவரி, 32 பிட்டில் 4, 64 பிட்டில் 8. ஒரு ஃபீல்டின் அளவு இரண்டு பக்கத்திலும் வேறுபட்டால் அதற்குக் கீழே உள்ள அத்தனையும் நகர்ந்துவிடும். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. திரையில் எழுத்து மட்டும் தவறான நிறத்தில் வரும், அதுவும் எல்லா நேரமும் இல்லை.

இதற்காகத்தான் பகிரும் ஸ்ட்ரக்டில் பாயின்டரைக்கூட 64 பிட் முழு எண்ணாக வைக்கிறார்கள். வரைகலைப் பொருள்களைப் பட்டியலிடும் ஜிடிஐ ஹேண்டில் அட்டவணையிலும் அதே ஏற்பாடு, ஒரு வரிக்கு 24 பைட், 32 பிட் நிரல் வந்தாலும் 64 பிட் நிரல் வந்தாலும் மாறாது. ஸ்ட்ரக்ட் இருக்கும் நினைவகத்தையே 32 பிட் பக்கத்துக்கு எட்டும் முகவரியில்தான் ஒதுக்குகிறார்கள். இவ்வளவு கவனத்தைப் பார்த்தால் நெகிழ்ச்சியாக இருக்கிறது, உண்மையாகவே. யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பைட்டையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

என் எண் 4 பைட், கழித்தல் குறி இல்லாத முழு எண். எந்தப் பக்கமும் நகராது. சரிபார்த்துவிட்டேன்.

ஜூன் 13
ரத்தப் பரிசோதனை முடிவு நாளைக்குத்தானாம்.

ஜூன் 14
டெங்கு இல்லை. அப்பாடா.

மத்தியானம் தூங்கி எழுந்ததும் மறுபடி அதே யோசனை. ‘உள் அமைப்பு’ என்று நாம் சொல்வதை நிரல்கள் மதிப்பதே இல்லை. பெப் எனப்படும் ஸ்ட்ரக்டை விண்டோஸ் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் வைத்திருக்கிறது. அதில் 0-இலிருந்து எண்ணினால் 2-ஆம் பைட்டைப் படித்து, டீபக்கர் (பிழை தேடும் கருவி) ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் காப்புப் பூட்டு மென்பொருள்கள் எத்தனையோ. ஜிடிஐ அட்டவணையின் முகவரியும் பெப்பில்தான் இருக்கிறது, 32 பிட்டில் 0x94, 64 பிட்டில் 0xF8. அதைப் பிடித்து நேராக நடந்துபோய் எண்ணும் கருவிகள் உண்டு. 0x7FFE0000 முகவரியில் தொடங்கும் பகுதியில் நேரம் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட நிரலும் உண்டு. மைக்ரோசாஃப்ட் மாற்றலாம் என்று எழுதிவைத்த இடத்தைக்கூட யாராவது நம்பிவிட்டால், வைன் அதை அப்படியே கொடுத்தாக வேண்டும். விண்டோஸ் மூலநிரலைப் பார்க்கவும் கூடாது, சோதனை நிரல் எழுதி விண்டோஸில் ஓட்டி விடையைப் படிப்பதுதான் வழி.

ஆக இரண்டு லைப்ரரி பகிர்ந்துகொள்வது என்றைக்கும் அவற்றுக்குள் மட்டும் நிற்பதில்லை. அந்தக் கேள்வியின் கனம் இப்போதுதான் உறைக்கிறது.

ஜூன் 15
அப்பா கஞ்சி குடித்தார். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்!

ஜூன் 17
வைன்சர்வர், அதாவது வைனில் ஓடும் நிரல்களுக்குப் பொதுவான சர்வர், பகிரும் நினைவகத்தைப் பற்றிப் படித்தேன். கர்சர் இருக்கும் இடம் போன்றவற்றைச் சர்வர் எழுதுகிறது, நிரல்கள் படிக்க மட்டும் செய்கின்றன. பக்கத்திலேயே ஒரு வரிசை எண். ஒற்றைப்படையாக இருந்தால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், பொறு. இரட்டையாக இருந்தால் படி, படித்து முடித்ததும் எண் மாறவில்லையா என்று இன்னொரு தடவை பார். பூட்டு இல்லை, கேட்டு நிற்பதும் இல்லை. எழுதுவது ஒருவர் மட்டும் என்பதால்தான் இது முடிகிறது. டிசி ஆட்ரிபியூட்டில் அப்படி இல்லை, இரண்டு பக்கமும் எழுதுகின்றன.

என் எண்ணை வின்32யூ மட்டும் எழுதட்டும், ஜிடிஐ32 படிக்க மட்டும் செய்யட்டும். இதை விளக்கமாக எழுதிப் பேட்சோடு சேர்த்து அனுப்பினேன்.

ஜூன் 18
பதில் இல்லை. வெள்ளிக்கிழமைதானே புது வெளியீடு வரும், அதற்கு முன்னால் யாருக்கும் நேரம் இருக்காது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 20
அப்பா வாசல் வரை நடந்தார்.

ஜூன் 21
பதில். எழுதுவது ஒரு பக்கம் மட்டும் என்பது சரி என்கிறார். ஆனால் வேறொரு த்ரெட் (அதே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) அதே டிசியில் எழுத்துருவை மாற்றினால், படித்த எண்ணுக்கும் அளந்த அகலத்துக்கும் நடுவில் என்ன ஆகும் என்று கேட்கிறார். அதற்கான சோதனை நிரலை இப்போதுதான் ஆரம்பித்தேன், இரண்டு த்ரெட், ஒரு டிசி, முதலில் விண்டோஸில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.