பேலஸ் கிரவுண்ட்ஸ்ல கெடச்ச தரிசனம்

2007 மார்ச் 16 ராத்திரி, சென்னை சென்ட்ரல். நாங்க நாலு பேர், நாலு பேருக்கும் கருப்பு டீ-ஷர்ட், ரெண்டு பேருக்கு தாடி, ஒருத்தனுக்கு தோள் வரைக்கும் முடி. பெங்களூர் மெயில்ல எதிர் சீட்ல உக்காந்திருந்த பெரியவர் எங்கள மேலயும் கீழயும் பாத்துட்டு, "மாச பூஜைக்கா சாமி? மாறி ஏறிட்டீங்க, இது பெங்களூர் போற வண்டி"ன்னாரு. நிஜமாவே அது மீன மாச பூஜைக்கு சபரிமலை நடை தொறந்திருக்கிற நேரம், அவர் மேல தப்பே இல்ல. அப்புறம்தான் என் டீ-ஷர்ட்ல இருந்த மண்டை ஓட்ட கவனிச்சாரு. அதுக்கப்புறம் காட்பாடி வரைக்கும் பேசவே இல்ல.

அயர்ன் மெய்டன். 1975-ல கிழக்கு லண்டன்ல ஸ்டீவ் ஹாரிஸ் ஆரம்பிச்ச ஹெவி மெட்டல் பேண்ட், இந்தியாவுக்கு வர்றது அதான் முதல் தடவை. பக்கத்து வீட்டு அண்ணன் பதிஞ்சு குடுத்த ஒரு கேசட்ல இருந்து தொடங்கின பைத்தியம் எனக்கு, டேப் சிக்கி சிக்கி பென்சில் விட்டு சுத்தியே பாதி பாட்டு மனப்பாடம். டிக்கெட் கெடச்சதுல இருந்து ஒரு மாசம் விரதம் மாதிரிதான், 1980-ல வந்த முதல் ஆல்பத்துல ஆரம்பிச்சு பதினாலையும் வரிசையா கேட்டு முடிக்கணும், நடுவுல வேற பாட்டு காதுல விழக்கூடாதுன்னு எங்களுக்குள்ள சட்டம். (டீக்கடை எஃப்எம்முக்கு மட்டும் விலக்கு.)

மறுநாள் சனிக்கிழமை மத்தியானமே பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ்ல கச்சேரி க்யூல நின்னாச்சு. தர்ம தரிசன க்யூ தோத்துடும். எங்களுக்கு முன்னாடி ஷில்லாங் பசங்க, மூணு நாள் ட்ரெயின்ல வந்து குளிக்காம நேரா க்யூவுக்கு வந்திருந்தாங்க, அவங்க பக்கத்துல நாங்கல்லாம் என்ன பெரிய பக்தர்கள்னு கொஞ்சம் வெக்கமாவே இருந்துச்சு. கேட்ல பெல்ட்ட கழட்ட சொன்னாங்க, தண்ணி பாட்டில பிடுங்கினாங்க, அம்மா வாழை இலைல கட்டிக்குடுத்த புளியோதரைய பிரிச்சு மோந்து பாத்துட்டு உள்ள விடமாட்டேன்னுட்டாங்க. கேட்டுக்கு வெளியவே நின்னு நாங்க நாலு பேரும் ஷில்லாங் பசங்களும் கையால அள்ளி சாப்ட்டோம். எங்களுக்கு அன்னதானம் அதான்.

முதல்ல வாசிச்சவங்கள்ல ஒண்ணு டெல்லி பேண்ட், பேரு பரிக்ரமா. பேரோட அர்த்தமே பிரதட்சணம்தான! பிரகாரம் சுத்தாம மூலவர பாக்க விடமாட்டாங்க போலன்னு பக்கத்துல நின்னவன்கிட்ட சொன்னேன், அவன் மணிப்பூர்காரன், ஒண்ணும் புரியாம தலையாட்டினான். அப்புறம் ஸ்டீவோட பொண்ணு லாரன் ஹாரிஸ் வந்து பாடினாங்க. பாவம், கூட்டம் மெய்டன் மெய்டன்னுதான் கத்துச்சு.

மெய்டன் மேடை ஏறுறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர்ல யூஎஃப்ஓ பேண்டோட "டாக்டர் டாக்டர்" ஓடும், அது ரொம்ப வருஷ வழக்கம், அதான் அவங்களுக்கு சுப்ரபாதம். அது தொடங்கினதும் பின்னாடி இருந்து ஒரு தள்ளு, என் இடது கால் செருப்பு போச்சு. குனிஞ்சு தேடினா மிதிச்சே கொன்னுடுவாங்க. சரி, ட்ரம்ஸ் வாசிக்கிற நிக்கோ மெக்ப்ரெயினே வெறுங்கால்லதான் வாசிப்பாரு, சன்னதிக்குள்ள செருப்பு எதுக்குன்னு மத்ததயும் உதறிட்டேன்.

மெய்டனோட பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் ஓடி வந்து "ஸ்க்ரீம் ஃபார் மீ பெங்களூர்"னு கத்தினப்போ நான் கத்தினேனான்னு எனக்கே தெரியல, வாய் தொறந்திருந்துச்சு, சத்தம் எல்லாரோடதும் சேந்து ஒண்ணா இருந்துச்சு. "ட்ரூப்பர்" வந்தப்ப செவப்பு கோட்டு போட்டுக்கிட்டு பிரிட்டிஷ் கொடிய ஆட்டுறாரு, 1854 கிரிமியா போர்ல குதிரைப்படை சாகப்போன கதைப் பாட்டு அது. சுதந்திரம் வாங்கி அறுபது வருஷம் ஆகப்போகுது, நம்ம மண்ணுல இந்தக் கொடியாடான்னு எங்க நாலு பேர்ல ஒருத்தன் முணுமுணுத்தான். கிட்டார் ரெண்டும் ஜோடியா ஏறின அடுத்த நொடி அவன்தான் எங்க எல்லாரயும் விட ஒசரமா குதிச்சான்.

ஆனா "ஃபியர் ஆஃப் தி டார்க்" பத்தி சொல்லாம விட்டா நான் போனதுக்கே அர்த்தம் இல்ல. அதுல வரி பாடுறதுக்கு முன்னாடி கிட்டார் ட்யூன் வரும்ல, அதயே கூட்டம் மொத்தமும் பாடுச்சு. வார்த்தை கெடையாது, வெறும் ஓ-ஓ-ஓ. மணிப்பூர்காரன் என் தோள்ல கை போட்டிருக்கான், எனக்கு அவன் பேரு கூட தெரியாது, செம்மண் புழுதி லைட்ல செவப்பா மேல எழும்புது, வெறுங்கால்ல யாரோ ஷூவால ஏறி மிதிக்கிறான், வலிக்குது, கண்ணுல தண்ணி, வலியாலயா வேற எதாலயான்னு பிரிச்சு சொல்ல முடியல. கோயில்ல தீபாராதனை காட்டும்போது மணிச் சத்தத்துல ஒரு செகண்ட் நாம என்ன கேக்க வந்தோம்னு மறந்து போகும்ல, அப்படித்தான் இருந்துச்சு எனக்கு.

முடிஞ்சதும் ஸ்பீக்கர்ல மான்டி பைதான்ங்கிற காமெடி குழுவோட பாட்டு போடுவாங்க, நடை சாத்தியாச்சு கெளம்புங்கன்னு அர்த்தம். வெறுங்கால்ல மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து ராத்திரி பஸ் புடிச்சோம்.

ஞாயித்துக்கிழமை காலைல வீட்டுக்கு வந்தா தொண்டைல சத்தமே இல்ல. அம்மா என் கால பாத்துட்டு ஒரு நிமிஷம் பேசல, அப்புறம் பால்ல மிளகும் மஞ்சளும் போட்டு குடுத்துட்டு "அப்படி என்னத்த கத்துன, பாடிக் காட்டு"ன்னாங்க. காத்து மட்டும் வர்ற தொண்டைல அந்த ஓ-ஓ-ஓவ பாடினேன். "வார்த்தையே இல்ல, ஆலாபனை மாதிரில்ல இருக்கு"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்கு போய்ட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு குக்கர் விசிலுக்கு நடுவுல கேக்குது, அதே ட்யூன், கொஞ்சம் மோகனம் கலந்து.